அதே பூ வேண்டுமா, ஒரு செடி போதுமா: விதை, குச்சி, பதியன், ஒட்டு

வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கும் செம்பருத்தியை ரசித்து நிற்பவர்கள் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "இதில் ஒரு குச்சி கிடைக்குமா?" பல ஆண்டுகள் நானும் யோசிக்காமல் ஒடித்துக் கொடுத்தேன். அடியில் ஈரத்துணியைச் சுற்றி, "நட்டுத் தண்ணீர் விடுங்கள், பிடித்துக்கொள்ளும்" என்று சொல்லி அனுப்புவேன். பிறகு எங்கேயாவது பார்க்கும்போது விசாரித்தால் பாதிப் பேரின் முகம் வாடிவிடும். தங்களுக்குக் கைராசி இல்லை என்பார்கள். கைராசியில் குறை ஒன்றும் இல்லை. நான் கொடுத்த விதத்தில்தான் குறை இருந்தது.

ஒரு பூச்செடியைப் பகிர்ந்துகொள்ள விதை, குச்சி, பதியன், ஒட்டு, கிழங்கு என ஐந்து வழிகள் நம் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. வாங்கிக்கொள்பவர் ஆசைப்படுவது அதே பூவுக்கா, அல்லது அந்த இனத்தில் ஒரு செடி இருந்தால் போதுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எத்தனை நாள் காத்திருப்பார், இளங்கன்றைக் கவனித்துப் பழக்கம் உண்டா என்பவை மீதியைத் தீர்மானிக்கும்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெப்பமண்டலப் பூச்செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு, நம் வீட்டிலேயே வேர்விட வைத்த குச்சிக்கன்றுதான் நல்ல பரிசு. விதைக்கும் பதியனுக்கும் ஒட்டுக்கும் அவற்றுக்கே உரிய இடங்கள் இருக்கின்றன. சில செடிகளில் அவற்றை விட்டால் வேறு வழியே இல்லை. வெறும் குச்சியை மட்டும் இரண்டொரு செடிகள் தவிர வேறு எதிலும் கொடுக்காதீர்கள்.

விதை எங்கே உண்மை சொல்லும்

விதையைப் போல எளிதான பரிசு வேறில்லை. ஒரு காகித உறையில் முப்பது விதைகளைப் போட்டு எத்தனை தொலைவுக்கும் அனுப்பலாம். இன்னொரு நன்மையையும் பலர் நினைப்பதில்லை: தாய்ச்செடியைப் பிடித்திருக்கும் வைரஸ் நோய்களில் பெரும்பாலானவை விதை வழியாகக் கடப்பதில்லை. குச்சியோ அந்த நோயையும் சேர்த்தே கொண்டுபோகும்.

ஆனால் விதை அதே பூவைத் தரும் என்று உறுதி சொல்ல முடியாது. இன்று தோட்டங்களை அலங்கரிக்கும் பெரிய இதழ், இரு வண்ணச் செம்பருத்திகள் தலைமுறை தலைமுறையாகக் கலந்து பிறந்தவை. ஒரே காயில் எடுத்த பத்து விதைகளை விதைத்தால் பத்தும் வெவ்வேறாகப் பூக்கும். பெரும்பாலானவை தாயைவிடச் சாதாரணமாகவே இருக்கும். பழைய சிவப்புச் செம்பருத்தியோ பெரும்பாலும் காய்ப்பதே இல்லை. ஈழத்தலரி என்று சொல்லும் பிளுமேரியாவும் இப்படித்தான். அதன் காய் இரட்டைக் கொம்புபோல வளர்ந்து முற்றுவதற்கு எட்டு ஒன்பது மாதங்கள் ஆகின்றன. வெடித்தால் உள்ளே மெல்லிய இறகு ஒட்டிய விதைகள் அடுக்கடுக்காக இருக்கும். முளைப்பதில் தகராறு இல்லை. பூக்க மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். பூத்தபின்தான் அது என்ன நிறம் என்பதே தெரியவரும்.

விதையில் வரும் கன்றுக்கு ஒரு குழந்தைப் பருவம் உண்டு. அந்தக் காலத்தில் எவ்வளவு உரம் போட்டாலும் பூக்காது. பூத்துக்கொண்டிருக்கும் கிளையில் எடுத்த குச்சி அந்தப் பருவத்தை முன்பே கடந்துவிட்டது. அதனால்தான் முழங்கால் உயரம்கூட வராத குச்சிக்கன்று மொட்டு வைக்கிறது. செண்பகத்தில் இந்த வேறுபாட்டை நன்றாகப் பார்க்கலாம். விதைக்கன்று மரமாகிப் பூப்பதற்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். ஒட்டுக்கன்று நட்ட ஓரிரு ஆண்டுகளிலேயே மணக்கத் தொடங்கிவிடும். செண்பக விதைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எண்ணெய்ப் பசை உள்ள அந்த விதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். மேலே சிவப்பாக ஒட்டியிருக்கும் சதையைத் தேய்த்துக் கழுவிவிட்டு உடனே விதைக்க வேண்டும். பத்திரமாக எடுத்துவைத்து அடுத்த ஆண்டு கொடுக்கலாம் என்றிருந்தால் ஒன்றும் முளைக்காது.

விதையையே தயங்காமல் தேர்ந்தெடுக்க வேண்டிய செடிகள் என்று பார்த்தால் சங்குப்பூவை முதலில் சொல்வேன். பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் கொடி என்பதால் நீலத்துக்கு நீலம், வெள்ளைக்கு வெள்ளை என்று ஓரளவு நம்பிக் கொடுக்கலாம். விதையின் தோல் கெட்டி. ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் சீராக முளைக்கும். இரண்டு மாதங்களுக்குள் பூவும் வந்துவிடும். குழந்தைகளுக்குச் செடி வளர்க்கும் ஆசையை மூட்ட இதைவிட நல்ல விதை எனக்குத் தெரியவில்லை.

பாலைவன ரோஜா என்று அழைக்கப்படும் அடீனியத்தில் காரணமே வேறு. அதன் அழகில் பாதி அந்தப் பருத்த அடித்தண்டில்தான் இருக்கிறது. விதையிலிருந்து வந்த கன்றுதான் அந்தப் பருத்த உடலை இயல்பாக உருவாக்கும். குச்சியில் வந்த கன்று பூக்கும், ஆனால் அடிப்பகுதி அந்த வடிவத்துக்கு வராது. பூவின் நிறம் முக்கியமா, செடியின் உருவம் முக்கியமா என்று இங்கே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் உருவம்தான். நிறம் வேண்டுமானால் பின்னால் ஒட்டுக்கட்டிக்கொள்ளலாம். உருவத்தை ஒட்டிக்கொள்ள முடியாது. காய் முற்றும்போது நூலால் இரண்டு மூன்று இடங்களில் லேசாகக் கட்டிவைப்பது அவசியம். விதையின் இரு முனைகளிலும் பஞ்சுபோன்ற குஞ்சம் இருப்பதால் காய் வெடித்த நொடியில் காற்றில் பறந்துவிடும். ஒருமுறை ஒரு பகல் தாமதித்தேன். மாலையில் போய்ப் பார்த்தபோது வெறும் ஓடுதான் தொங்கிக்கொண்டிருந்தது.

கனகாம்பரத்தையும் விதையில் எழுப்பலாம். காய்ந்த காய் தண்ணீர் பட்டதும் சட்டென்று வெடித்து விதையைத் தெறிக்கவிடுவது பார்க்கவே சுவையான காட்சி. டெல்லிக் கனகாம்பரம் எனப்படும் அடர்ந்த நிற வகைக்கு மட்டும் இது பொருந்தாது. அது மும்மடியம், அதாவது மரபணுத் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று உள்ள செடி, விதையே வைக்காது. அதைக் குச்சியில்தான் பெருக்க வேண்டும்.

குச்சி: வேரும் துளிரும் ஒன்றில்லை

அதே பூ, அதே நிறம், அதே மணம் வேண்டும் என்பவருக்குக் குச்சிதான் நேர்வழி. குச்சியில் வருவது தாய்ச்செடியின் மகளில்லை. அதே செடியின் தொடர்ச்சி. செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை, மல்லிகை, காகிதப்பூ, இட்லிப்பூ எல்லாமே இப்படித்தான் வீடு வீடாகப் பரவியிருக்கின்றன.

பிறகு ஏன் பாதி பட்டுப்போகிறது? ஒடித்த குச்சியில் இலைகள் இருக்கின்றன, வேர் இல்லை. இலை தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது, உள்ளே எடுக்க வழியில்லை. வேர் வரும்வரை அந்த வறட்சியைத் தாங்கவைப்பதுதான் குச்சி வளர்க்கும் கலை முழுவதும். அதற்கு நிழல் வேண்டும், இலையைக் குறைக்க வேண்டும், சுற்றிலும் ஈரக்காற்று வேண்டும். வாங்கிக்கொண்டு போனவர் அதை வெயில் விழும் பாத்தியில் நட்டு, தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறார். மேலே காய்கிறது, கீழே அழுகுகிறது.

நான் இப்போது செய்வது இதுதான். மரத்தன்மை பாதி வந்த, பென்சில் பருமனுள்ள கிளையில் ஒரு சாண் நீளம் வெட்டுகிறேன். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே. மேலே இரண்டு இலைகளை மட்டும் வைத்து, அவற்றையும் பாதியாகக் கத்தரித்துவிடுகிறேன். மொட்டு இருந்தால் மனம் வராவிட்டாலும் கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் சேமிப்பெல்லாம் அதற்கே போய்விடும். அடியில் வேர் ஊக்கித் தூள் தொட்டு, மணலும் தென்னை நார்க்கழிவும் சரிபாதி கலந்த பையில் நட்டு, மேலே ஒரு வெளிர் பாலித்தீன் உறையைக் கவிழ்க்கிறேன். உறையின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் படிந்திருந்தால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை.

இந்த உறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1829இல் நத்தானியேல் வார்ட் என்ற லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிப் புட்டியொன்றில் வைத்திருந்த ஈரமண்ணில் பெரணி தானாக முளைத்து வாடாமல் வளர்வதைக் கவனித்தார். 1833இல் அதே முறையில் அடைத்த கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளைக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதுவரை கடல் பயணத்தில் உப்புக்காற்று பட்டுச் செத்துக்கொண்டிருந்த வெப்பமண்டலச் செடிகள் அதன்பின் கண்டம் விட்டுக் கண்டம் நகர்ந்தன. நாம் குச்சிமேல் கவிழ்க்கும் பாலித்தீன் உறை அந்தப் பெட்டியின் எளிய வடிவம்.

குச்சியில் எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காகிதப்பூக் குச்சி நட்ட இரண்டாம் வாரத்தில் கணுக்களில் செந்நிறத் துளிர்கள் எட்டிப் பார்க்கும். பிடித்துவிட்டது என்று மகிழ்ந்து வேறு தொட்டிக்கு மாற்றுவோம். நான்கு நாட்களில் துளிர் தலைசாய்ந்து கருகிவிடும். அந்தத் துளிர் குச்சிக்குள் சேர்ந்திருந்த உணவில் வந்தது, வேரால் வந்ததில்லை. காகிதப்பூவுக்கு வேர் இறங்க ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும், சில வகைகளில் இன்னும் கூடும். முதல் துளிர் முற்றி, அதற்கு மேல் இரண்டாவது அடுக்கு இலையும் வந்து நிமிர்ந்து நின்றால்தான் கீழே வேர் இருக்கிறது என்று நம்புவேன். அதன் வேர் கண்ணாடிபோல் முறியும் என்பதால் மாற்றும்போது மண்ணை உதிர்க்காமல் பையை மட்டும் கிழித்தெடுக்க வேண்டும். இந்த இரண்டு மாதப் பொறுப்பைத்தான் வெறும் குச்சியோடு சேர்த்து அடுத்தவர் தலையில் கட்டிவிடுகிறோம். செடி நம்முடையது, அதன் குணம் நமக்குத் தெரியும். அந்த இரண்டு மாதங்களை நாமே சுமந்துவிட்டுக் கன்றாகக் கொடுப்பதுதான் முறை.

அரளி தண்ணீர்ப் பாட்டிலிலேயே வேர்விடும். நந்தியாவட்டை சற்று மெதுவாக வரும். மல்லிகைக்கு இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டு போதும்.

வெறும் குச்சியாகவே கொடுக்கத் தகுந்தவை என்று சொன்னேனே, அதில் முதலாவது பிளுமேரியா. ஒரு முழம் நீளக் கிளையை வெட்டி, பால் வடிந்து நின்றபின் நிழலில் ஒன்றிரண்டு வாரம் கிடத்திவைக்க வேண்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியபின் நட்டால்தான் அழுகாது. இதையே மற்றச் செடிக்குச் செய்தால் செத்துவிடும். இது சதைப்பற்றுள்ள தண்டில் தண்ணீரைச் சேமித்து வைத்திருப்பதால் வாரக்கணக்கில் தாங்கும். தொலைவில் இருப்பவருக்குக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்ப இதைப் போல ஏற்றது இல்லை. "இலை வரும்வரை தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத்தான் விட வேண்டும்" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் கூடவே அனுப்புங்கள். இரண்டாவது, இரவில் மலரும் நிஷாகந்தி. இலைபோல் தோன்றும் அதன் தட்டையான தண்டை ஒரு துண்டு வெட்டி ஒரு வாரம் உலரவிட்டு நட்டால் போதும். ஒரே தண்டிலிருந்து எத்தனையோ வீடுகளுக்குப் போய், ஒரே வாரத்தில் எல்லா வீட்டிலும் பூத்த அனுபவம் எனக்குண்டு. அந்த இரவுகளில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் செய்தி பறக்கும்.

பதியன்: தாய்மடியிலேயே வேர்

குச்சியில் அடம்பிடிக்கும் செடிகள் இருக்கின்றன. மொசாண்டா, சில இட்லிப்பூ வகைகள், செண்பகம், மனோரஞ்சிதம் போன்றவை. இவற்றுக்கு நான் நாடுவது விண்பதியனை. கிளையைத் தாயிடமிருந்து பிரிக்காமலேயே அதன் நடுவில் வேர்விட வைப்பதால் காயும் ஆபத்து மிகக் குறைவு.

இது ஏன் வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் கை தானாகச் சரியாகச் செய்யும். வேரிலிருந்து தண்ணீர் மரத்தின் உட்பகுதி வழியாக மேலே ஏறுகிறது. இலை தயாரித்த உணவு பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது. பட்டையில் ஒரு வளையத்தை மட்டும் உரித்துவிட்டால் தண்ணீர் ஏறுவது நிற்பதில்லை, உணவு இறங்குவது மட்டும் தடைபடுகிறது. அது வளையத்தின் மேல் விளிம்பில் தேங்கி அந்த இடம் தடிக்கிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் மார்செல்லோ மால்பிகி மரத்தின் பட்டையை வளையமாக உரித்து இந்தத் தடிப்பைக் கவனித்திருக்கிறார். அந்தத் தடித்த விளிம்புக்கு இருட்டும் ஈரமும் கொடுத்தால் வேர் புறப்படுகிறது.

பென்சிலுக்கும் கட்டைவிரலுக்கும் இடைப்பட்ட பருமனில் நேரான கிளை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரியுங்கள். உரித்த இடம் வழவழவென்று ஈரமாக இருக்கும். அந்த வழவழப்பைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். அது மிச்சமிருந்தால் பட்டை மீண்டும் வளர்ந்து இரு விளிம்புகளையும் இணைத்துவிடும், வேருக்குத் தேவையே இல்லாமல் போய்விடும். நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் என்ற தோட்டப் பாசியை ஒரு பிடி எடுத்து வளையத்தைச் சுற்றி அமுக்கி, பாலித்தீன் தாளால் இறுக்கிச் சுற்றி, மேலும் கீழும் கட்டுங்கள். வெயில் நேராக விழுந்தால் அதன்மேல் இன்னொரு இருண்ட தாளைச் சுற்றுங்கள்.

நான்கு முதல் எட்டு வாரங்களில் தாளின் உட்புறம் வெள்ளை நூல்கள் ஓடத் தொடங்கும். முதன்முதலில் மொசாண்டாவில் அதைப் பார்த்த காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. தரையிலிருந்து மார்பளவு உயரத்தில், காற்றில் தொங்கும் ஒரு கைப்பிடிப் பாசிக்குள் ஒரு புதுச்செடி பிறந்திருந்தது. வெள்ளை வேர் பழுப்பாகி, தாளை ஒட்டி நெருக்கமாகச் சுழலும்வரை பொறுத்து, பின் கட்டுக்குக் கீழே வெட்டினேன். பாசியைப் பிரிக்காமல் அப்படியே நட வேண்டும். மேலே உள்ள கிளை பெரியது, வேரோ சிறியது. அதனால் இலைகளில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மூன்று வாரம் நிழலில் வைத்திருந்தபின்தான் கொடுத்தேன். கொடுத்த அன்றே அதில் பூ இருந்தது.

குச்சியோடு ஒப்பிட்டால் பதியனின் குறை எண்ணிக்கைதான். கத்தரிக்கும் காலத்தில் ஒரு செம்பருத்தியிலிருந்து பத்துக் குச்சிகள் கிடைக்கும். பதியனில் ஒரு நேரத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் போட்டால் தாய்ச்செடி தளர்ந்துவிடும். நெருங்கியவருக்கு, அதுவும் அரிய செடி என்றால் பதியன். பத்துப் பேருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் குச்சி. மல்லிகைபோல் வளையும் கொடிகளுக்கு இவ்வளவு ஏற்பாடும் வேண்டாம். தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, கணுவுக்கு அடியில் லேசாகக் கீறி, மண்ணுக்குள் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் அதுவே தனிச்செடி.

ஒட்டு

ஒட்டு எல்லாருக்கும் உரிய வேலையில்லை, ஆனால் தேவைப்படும் இடம் ஒன்று நிச்சயமாக இருக்கிறது. பெரிய பூ வைக்கும் கலப்பினச் செம்பருத்திகள் பலவற்றுக்குச் சொந்த வேர் பலவீனம். குச்சி வேர்விட்டாலும் ஓராண்டு நோஞ்சானாக நின்றுவிட்டு ஒரு மழையில் அழுகிப்போகும். அவற்றை வலிமையான சாதாரணச் செம்பருத்தியின் வேர்ச்செடியில் ஒட்டினால் அதே செடி திமிறிக்கொண்டு வளர்கிறது. பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் உள்ள பசுமையான வளர்படலம் இரண்டிலும் நேருக்கு நேர் பொருந்த வேண்டும், கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், ஒட்டின்மேல் காற்றுப்படாமல் கட்ட வேண்டும். கை பழகப் பத்துப் பதினைந்து செடிகள் வீணாகும்.

ஒட்டுக்கன்றைக் கொடுக்கும்போது வாங்குபவரின் விரலைப் பிடித்து ஒட்டுத்தழும்பைத் தொட்டுக் காட்டுங்கள். அதற்குக் கீழே வரும் எந்தத் துளிரையும் அன்றே கிள்ளிவிடச் சொல்லுங்கள். கிள்ளாமல் விட்டால் வேர்ச்செடியின் கிளை மேலே உள்ளதை அமுக்கிவிடும். மஞ்சளும் ஊதாவும் கலந்து பூத்த செடி இரண்டு ஆண்டுகளில் சிவப்பாக மாறிவிட்டது என்று ஒருவர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். மாறவில்லை, அவர் கொண்டுபோன செடி அதற்குள் இறந்துவிட்டது, அதன் கால்தான் பூத்துக்கொண்டிருந்தது. நான் கொடுத்த நாளில் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கிழங்கும் பக்கக்கன்றும்

கல்வாழை, ஹெலிகோனியா, வெள்ளை இஞ்சிப்பூ இவற்றில் ஒப்பிட ஒன்றுமில்லை. தூரைப் பிரித்து, கண் உள்ள ஒரு துண்டைக் கொடுத்தால் முடிந்தது. செங்காந்தள் மட்டும் கவனம் கேட்கிறது. அதன் கிழங்கு கவைபோல இரண்டு கைகளாக இருக்கும். முளை கைகளின் நுனியில்தான் வரும். நுனி முறிந்த கிழங்கைக் கொடுத்தால் வெறும் கட்டையைக் கொடுத்ததாகிவிடும். தோண்டும்போது மண்ணை விரலால் விலக்கி எடுங்கள்.

செடியோடு வேறு எதையும் கொடுக்கிறோமா

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதைப் பார்த்தே ஆக வேண்டும். செம்பருத்தி மாவுப்பூச்சி 1994இல் கிரெனடா தீவில் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளில் கரீபியத் தீவுகள் பலவற்றுக்குப் பரவி, செம்பருத்தியை மட்டுமின்றி எத்தனையோ மரங்களையும் பயிர்களையும் சிதைத்தது. நுனிக்கணுவில் ஒட்டிய ஒரு வெள்ளைப் புள்ளி போதும். கொடுப்பதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள், கணு இடுக்கைப் பாருங்கள், எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். எறும்பு இருந்தால் மாவுப்பூச்சியோ அசுவினியோ அருகில் இருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு செடியை வெட்டிய கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்காமல் அடுத்த செடிக்குக் கொண்டுபோகாதீர்கள். சில வைரஸ்கள் கத்தியில் ஏறியும் பயணம் செய்கின்றன. தோட்டத்து மண்ணோடு கொடுப்பதையும் நான் நிறுத்திவிட்டேன். வேரில் முடிச்சுப் போடும் நூற்புழு கனகாம்பரத்துக்குப் பெரிய எதிரி. அது மண்ணில்தான் வாழ்கிறது. குச்சிகளைப் புதிய நார்க்கழிவில் வேர்விடவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாட்டு எல்லையைத் தாண்டும் செடிக்கு இந்தக் கவனம் சட்டமாகவே இருக்கிறது. 1951இல் உருவான பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் அடிப்படையில், உயிருள்ள செடிகளுக்குத் தாவர நலச்சான்றிதழ் கேட்பது வழக்கம். பெட்டிக்குள் ஒரு குச்சியை ஒளித்துக்கொண்டு போவதை அன்பின் அடையாளமாக நினைப்பவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து செய்யாதீர்கள். அங்கே இருக்கும் யாரோ ஒருவரிடம் அந்தச் செடி நிச்சயம் இருக்கும். அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது செடிக்கும் நல்லது.

பகிரவே கூடாதவையும் உண்டு. ஆகாயத்தாமரையின் ஊதாப் பூவில் மயங்கி உலகம் முழுவதும் குளங்களில் விட்டவர்கள்தான் நீர்நிலைகளை மூடவைத்தார்கள். உன்னிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுச்செடியாகக் கிளம்பியது. பறவைகள் அதன் பழத்தைத் தின்று காட்டுக்குள் விதைத்துவிட்டன. கேட்பவர் வீடு ஓடைக்கோ காட்டுக்கோ அருகில் இருந்தால், தானாக விதை தூவிப் பரவும் செடி எதையும் நான் கொடுப்பதில்லை. மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை, விதை வைக்காத இன்னொரு செடியை எடுத்து நீட்டுகிறேன்.

நஞ்சையும் மறைக்கக் கூடாது. அரளி, அடீனியம், செங்காந்தள் மூன்றும் உட்கொண்டால் உயிருக்கு ஆபத்தானவை. செங்காந்தளில் கிழங்கும் விதையும் மிகக் கொடியவை. சிறு குழந்தையோ, எதையும் கடித்துப் பார்க்கும் நாய்க்குட்டியோ உள்ள வீடு என்றால் கேட்டாலும் செம்பருத்தியையோ சங்குப்பூவையோ கொடுக்கிறேன். மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது பையிலேயே "நஞ்சு" என்று எழுதிவிடுகிறேன். சொன்னது மறந்துபோகும், எழுதியது தொட்டி அருகில் இருக்கும்.

எப்போது கைமாற்றுவது

பையின் அடித்துளையில் வேர் நுனி தெரிந்து, புது இலை அதன் முழு அளவுக்கு விரிந்தபின். அதற்கு முந்தைய ஒரு வாரம் உறையைப் பகலில் சிறிது சிறிதாகத் திறந்து, காலை வெயிலுக்குப் பழக்கியிருக்க வேண்டும். மூடியே வைத்திருந்த கன்றை நேராக வெளியே கொடுத்தால் ஒரே மதியத்தில் துவண்டுவிடும். பெயர், நிறம், நட்ட தேதி மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிக் குத்திவிடுங்கள். ஒவ்வொரு வகையிலும் தேவைக்கு மேல் ஒரு கன்று கூடுதலாக வளர்த்துவைப்பதும் என் பழக்கமாகிவிட்டது. போன கன்று ஏதோ காரணத்தால் பட்டுவிட்டால் கேட்கக் கூச்சப்படுவார்கள். "இன்னொன்று எடுத்து வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மழைக்காலத்தில் என் தோட்டத்தில் தண்ணீர் நான்கு நாள் தேங்கி நின்றது. நடுவில் சிவப்பு வட்டமிட்ட மஞ்சள் செம்பருத்தி வேரழுகிச் செத்தது. அந்த வகை என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. கூடுதல் கன்று வைக்கும் பழக்கம் அப்போது எனக்கில்லை. அடுத்த வாரம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா ஒரு பையைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நான் கொடுத்த கன்றின் குச்சி. "நீங்கள் சொன்னபடியே நார்க்கழிவில்தான் வைத்தேன், எட்டு வாரம் பொறுத்தேன்" என்றார். பையைத் திருப்பிப் பார்த்தேன். அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.